கொண்டை முளைக்காத சேவல்

என் மாமியாருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. மழை வருமா வராதா, கடைக்கு வருகிறவள் உப்புக்கு வந்தாளா ஊர்வம்புக்கு வந்தாளா, பக்கத்து வீட்டுக்காரியின் வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா, எல்லாவற்றையும் பார்த்த பார்வையில் சொல்லிவிடுவாள். சொன்னது தப்பாகப் போனால் மழைதான் ஏமாற்றிவிட்டது என்பாள். அப்படிப்பட்டவள்தான், முட்டையை உடைத்துக்கொண்டு வந்து ஒரு வாரம்கூட ஆகாத கோழிக்குஞ்சு ஒன்றைக் கையில் தூக்கி, இது சேவல் என்று சொல்லி, அதைச் சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்டாள்.

அது ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போன வருஷம். என் வீட்டுக்காரர் அங்கே ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். கப்பல் நின்றது, தபாலும் நின்றது. தூத்துக்குடியிலும் குண்டு விழும் என்று பயந்து, துறைமுகத்தை ஒட்டி இருந்தவர்களில் பலர் ஏரலுக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் மூட்டை கட்டினார்கள். நாங்கள் போகவில்லை. மகன் திரும்பி வந்தால் இந்த வீட்டுக்குத்தானே வருவான் என்று அத்தை நகர மறுத்துவிட்டாள். வீட்டு முன்னறையில் அவர் தொடங்கிவைத்திருந்த கருப்பட்டிக் கடையை நான் நடத்தினேன். "பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியப்போவுது" என்று என் காதில் விழும்படி சொன்ன தெரு அண்ணாச்சியும் கருப்பட்டிக்கு என்னிடம்தான் வந்தார்.

மகன் உயிரோடு வந்து வாசல்படி மிதித்தால், வீட்டிலேயே பிறந்து வளர்ந்த சேவலை அறுத்துப் படையல் போடுவதாக அத்தையின் வேண்டுதல். குஞ்சின் கால் நகத்தில் ஒரு நுனியைக் கிள்ளி, தலையில் மஞ்சள் தடவிக் கீழே விட்டாள். எங்கள் பக்கத்தில் அப்படி நகம் கிள்ளி விட்டுவிட்டால் அது சாமி சொத்து. அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, குழம்பு வைக்கக் கூடாது, அதற்குப் பதிலாக இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்தவும் கூடாது. நேர்ந்துவிட்டது நொண்டியாகவோ வேறு விதமாகவோ போய்விட்டால், சாமி அந்த வேண்டுதலை ஏற்கவில்லை என்று அர்த்தம். இத்தனை சட்டம் இருக்கிற காரியத்துக்குக் கொண்டை முளைக்கிற வரைக்குமாவது பொறுத்திருக்க வேண்டாமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் கருப்பட்டியைத் தப்பாக நிறுத்துக் கொடுத்தேன்.

ஏன் சேவல் என்கிறீர்கள் என்று கேட்டேன். கூரான முட்டையிலிருந்து வந்ததாம். அடைக்கோழியின் வயிற்றுக்கு அடியில் எந்த முட்டையிலிருந்து எது வந்தது என்று இவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டா இருந்தாள்? அதைக் கேட்டதும் அவளுக்குத் திடீரென்று காது மந்தமாகிவிட்டது.

இதில் தெருவும் சேர்ந்துகொண்டது. அடுத்த வீட்டில் சங்கு குளிக்கப் போகிறவரின் பெண்சாதி இருந்தாள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டால் சேவல் தலையைத் தூக்கும், பெட்டை தூக்காது என்றாள் அவள். தொங்கவிட்டாள். தூக்கியது. மறுபடி தொங்கவிட்டாள். தூக்கவில்லை. மாதாவுக்குத்தான் வெளிச்சம் என்று சொல்லிவிட்டுப் போனாள். உப்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவர் பிடரியைப் பிடித்துத் தூக்கி, காலை மடக்கினால் பெட்டை என்றார். குஞ்சு ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டியது. பழமொழி சொன்ன அண்ணாச்சி இறக்கையை விரித்து, நீளமாக இருக்கிற இறகையும் குட்டையாக இருக்கிற இறகையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு, ரெண்டு மாசம் போனால் தானே தெரிந்துவிடும் என்று தீர்ப்புச் சொன்னார். அது தெரியாமலா இங்கே உட்கார்ந்திருக்கிறோம்? ஆளாளுக்குத் தூக்கித் தூக்கிப் பார்த்ததில் அந்தக் குஞ்சு செத்துப்போகாததே பெரிய அதிசயம்.

ரெண்டு மாதமும் போயிற்று. கூடப் பிறந்த சேவல்களுக்குக் கொண்டை சிவந்து, ஒன்றை ஒன்று கொத்திக்கொண்டு திரிந்தன. சாமிச் சேவலின் தலை மட்டும் வெறுமையாக இருந்தது. அடிக்க ஆளில்லை என்பது மட்டும் அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கடைக்குள் வந்து குருணைச் சாக்கைக் கிளறும், கருப்பட்டிப் பெட்டியின் மேல் ஏறி நின்று அசிங்கம் பண்ணும். அரிசிக்கு ஊரே அலைந்துகொண்டிருந்த காலம் அது. நான் கையை ஓங்கினால் உள்ளேயிருந்து அத்தையின் இருமல் கேட்கும். கொண்டை எங்கே என்று கேட்டால், சிலதுக்குப் பிந்தித்தான் வரும் என்பாள். பக்கத்து வீட்டுச் சேவல் ஒருநாள் இதை நடுத்தெருவில் துரத்திப் பிடித்து மேலே ஏறியபோது தெருவே பார்த்தது. அத்தையும் பார்த்தாள். ரெண்டு சேவலும் சண்டை போடுகின்றன என்று சொல்லி, கல்லை விட்டெறிந்து விலக்கினாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த மாதங்களில்தான் பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்தவர்கள் ஒவ்வொருவராக ஊர் வந்து சேர்ந்தார்கள். எலும்பும் தோலுமாக வந்தார்கள். தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் ஒருவர் வந்திருக்கிறார், அவர் ரங்கூனில் அரிசி மண்டிகள் இருந்த தெருவில் வேலை பார்த்தவர் என்று கேள்விப்பட்டு அத்தை வண்டி பிடித்துப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தாள். நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அந்த மனிதரும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து புறப்பட்டார்களாம். ஓர் ஆற்றங்கரையில் இவருக்குக் காய்ச்சல் கண்டது, உட்கார்ந்துவிட்டுப் பின்னால் வருகிறேன் என்றாராம். அதற்குமேல் அந்த மனிதருக்குத் தெரியாது. இவ்வளவையும் நான்தான் ஒவ்வொரு வார்த்தையாக அவள் வாயிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. அவளாகக் கேட்டது ஒன்றே ஒன்று, சேவலுக்கு இரை வைத்தாயா என்று.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அழுகையை விழுங்கிவிட்டேன், கோபம் வெளியே வந்தது. "அத்தே, அது பெட்ட. கண்ணு இருக்கவங்க எல்லாருக்கும் தெரியுது. ஒங்களுக்கு மட்டும் ஏன் தெரியல?" என்றேன்.

அவள் செருப்பில்லாத காலைக் கழுவிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல், "ஏளா, ஒன் வாயால அதச் சொல்லாத. ஒன் புருசன் வாரது ஒனக்கு வேண்டாமா?" என்றாள்.

அவர் வர வேண்டும் என்று ஒவ்வொரு விடியலிலும் வாசலைப் பார்க்கிறவள் நான். ஒரு கோழியின் தலையைப் பார்த்துச் சொன்ன வார்த்தைக்கு என்னைப் புருஷனை வேண்டாதவளாக்கிவிட்டாளே என்று வயிறெரிந்தது. ஆனால் யாரும் பார்க்காத நேரத்தில் அந்தச் சனியனைப் பிடித்து, தலையை விரலால் தடவிப் பார்த்தேன். ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்த்தேன். என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆவணி பிறந்திருக்கும். காலையில் கடை திறந்து, மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்த காலி ஓலைப்பெட்டியை எடுக்கப் போனேன். அதற்குள்ளிருந்து சாமிச் சேவல் கொக்கரித்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே பறந்தது. பெட்டிக்குள் ஒரு முட்டை இருந்தது. எடுத்தேன், சூடாக இருந்தது. இத்தனை மாதம் நான் சொன்னதற்குக் கைமேல் சாட்சி கிடைத்துவிட்டது. கொண்டுபோய் அவள் முன்னால் வைத்து, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்க வேண்டும் என்றுதான் திரும்பினேன்.

அத்தை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். என் கையைப் பார்த்தாள். முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"எனக்கு எப்பவோ தெரியும்ளா," என்றாள். "றெக்க மொளைக்கயிலயே தெரியும். நானே அதச் சொல்லிட்டா, எம்புள்ள வரமாட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிருமேன்னு கெடந்தேன்."

பிறகு கதவில் சாய்ந்துகொண்டு, சாதாரணமாகச் சமையலைப் பற்றிச் சொல்கிற குரலில் சொன்னாள். "சாமி வாங்கிக்கிட மாட்டேன்னுட்டான். இனி இது நம்ம கோழிதான். நீ கொழம்பு வையி."

அவள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எத்தனை மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன். இப்போது ஒத்துக்கொண்டுவிட்டாள். ஆனால் கோழியை அறுத்துக் குழம்பு வைத்தால் வேண்டுதல் முடிந்தது, வேண்டுதல் முடிந்தால் அவரும் முடிந்தார். அந்தக் குழம்பை இந்த வீட்டில் யார் தின்பது?

"இல்லத்தே," என்றேன். "இது சேவல்தான்."

"கையில என்னளா வச்சிருக்க?"

"இதா? பக்கத்து வீட்டுக் கோழி வந்து இட்டிருக்கும்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்பேர்ப்பட்ட பொய்யையும் பார்த்த பார்வையில் பிடித்துவிடுகிறவள், இதை மட்டும் விட்டுவிட்டாள். மெல்ல மூட்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவர் போனதிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். கருப்பட்டிக்கு வந்த யாரோ வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கூப்பிடாமல் போய்விட்டார்கள்.

அவர் வரவில்லை. அந்தக் கோழியை நாங்கள் அறுக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. அது வருஷக்கணக்கில் இருந்து, அடை உட்கார்ந்து, குஞ்சுகளை வரிசையாக இழுத்துக்கொண்டு கடைக்குள் வந்து சாக்கைக் கிளறியது. புதிதாகக் கடைக்கு வருகிறவர்கள் விரட்டப் போனால், அத்தை வாய் திறப்பதற்கு முன்னால் நான்தான் தடுப்பேன். அது சாமிக்கு விட்ட சேவல், கை வைக்காதீர்கள் என்பேன். அவர்கள் பின்னால் வருகிற குஞ்சுகளைப் பார்ப்பார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு கருப்பட்டியை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவார்கள்.