குண்டூசி போட்ட தம்ளர்

அப்பா கொழும்புக்குப் புறப்பட்ட காலையில் நான் அழவில்லை. அழ நேரமில்லாதபடி எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுத்தான் போனார். பெரியம்மா தலையணையில் குத்தி ரேந்தை, அதாவது லேஸ், பின்னுவதற்கு வைத்திருந்த பித்தளைக் குண்டூசிகளை என் மடியில் கொட்டினார். கண்ணாடித் தம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினார்.

“ஒவ்வொண்ணாப் போடு மக்ளே. தண்ணி வழியுததுக்குள்ள அப்பா வந்துருவேன்.”

போட்டேன். தண்ணீர் வழியவில்லை, விளிம்புக்கு மேலே வழுக்கைத்தலை மாதிரி உப்பி நின்றது. வாசலில் வண்டிமாட்டின் சலங்கை கேட்டு நிமிர்ந்தேன். அப்பாவின் டிரங்குப்பெட்டியைக் காணோம். அதற்குமேல் ஓர் ஊசி போடவும் எனக்குத் துணிவில்லை. வழிந்துவிட்டால் அப்பா வரமாட்டாரே.

அம்மா முன்பே இறந்துவிட்டாள். பெரியம்மா அப்பாவுடைய அண்ணனின் விதவை. பாளையங்கோட்டையில் ரேந்தை விற்றுத்தான் அவளுக்குச் சாப்பாடு. தம்ளரை யாரும் தொடக்கூடாதென்று நான் ஊரைக் கூட்டினேன்.

“ஏட்டி, ஊசி இல்லாம ரேந்தைய எங்கன குத்திப் பின்ன?” என்று பெரியம்மா கத்தினாள். பிறகு முணுமுணுத்துக்கொண்டே உடைமரத்து முள்ளை ஒடித்துவந்து, ஊசிக்குப் பதிலாகக் குத்திப் பின்னினாள். விரலெல்லாம் கீறல்.

அந்தச் சித்திரை முழுக்கத் தம்ளர் ஜன்னலோரத்தில் இருந்தது. எழுந்ததும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். தண்ணீர் அதே உப்பலோடு நிற்கும். அந்த வீட்டில் என் கட்சியில் இருந்தது அது ஒன்றுதான். அவ்வளவு தனியாக நான் பிறகு எப்போதும் இருந்ததில்லை. அப்பா வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

வளர்ந்து ரசாயனம் படித்தேன், அதையே பாடமும் சொன்னேன். தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பேராசை பிடித்தது. ஹைட்ரஜனிடமிருக்கும் ஒரே எலக்ட்ரானையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வெறுங்கையாகிப்போன ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும். மூலக்கூறுக்குள் இருக்கும் கட்டு அளவுக்கு இதற்குப் பலமில்லை. ஆனால் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள மற்ற இழுப்புகளைவிட இது கெட்டியான பிடி. விட்டாலும் உடனே இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் தண்ணீர் விளிம்பைத் தாண்டியும் சிந்தாமல் நிற்கிறது என்று, என் தம்ளர் கதையோடு சேர்த்துப் பெருமையாகச் சொல்வேன்.

ஒருநாள் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: “சிந்தாது, சரி டீச்சர். வெயில்ல வத்திப் போகாதா?”

வற்றும். சித்திரை வெயிலுக்கு ஒரே பகலில் விளிம்புக்குக் கீழே இறங்கியிருக்கும். தினமும் நான் எழுவதற்கு முன் யாரோ சொட்டுச் சொட்டாக விட்டு அந்த உப்பலை எழுப்பியிருக்க வேண்டும்.

அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான் இருந்தோம்.