சிவப்பு அம்பு எங்கே ஒட்டணும்

1. வெள்ளையாகப் பூத்திருந்தது

பிரேமா பேரணாம்பட்டில், பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் குவாலிட்டி பார்க்கிற பொண்ணு. போன மார்கழியில் ஒரு காலையில் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நாலு போட்டோ போட்டாள். கறுப்பு அப்பர். அப்பர் என்றால் சோல் ஒட்டுவதற்கு முன்னால் இருக்கிற ஷூவின் மேல்பாகம். அதன் மேல் மாவு தூவின மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. கூடவே பேசியும் அனுப்பியிருந்தாள்.

"இது இன்னான்னு யாராச்சும் சொல்லுங்க. நாளான்னிக்கி இன்ஸ்பெக்ஷன். இந்த லாட்டும் திரும்பி வந்தா என்னை மறுபடி தையல் மிஷின்ல உக்கார வெச்சுடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

அந்த குரூப்பில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் செக்கிங்கும் ஷூ செக்கிங்கும் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். சந்தேகம் கேட்பார்கள், தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நூல் வெட்டுகிற ஹெல்பராகப் போய், செக்கிங் லைன் சூப்பர்வைசராக வெளியே வந்தவள். முப்பத்தோரு வருஷம். படிப்பு ஐந்தாவதோடு சரி. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷில் லேபிளில் வருகிற வார்த்தைகள் மட்டும் அடையாளம் தெரியும். அதனால் குரூப்பில் எழுத மாட்டேன், பேசித்தான் அனுப்புவேன். "சரோஜாம்மா சொன்னா சரி" என்று அங்கே ஒரு பேர் இருந்தது. அந்தப் பேர் எனக்குப் பிடிக்கும். மறைக்க என்ன இருக்கிறது.

அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போட்டோவைப் பெரிசு பண்ணிக்கூடப் பார்க்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு மைக்கை அழுத்தினேன்.

"ஃபங்கஸ்மா. மழைக்கு வந்திருக்கு. காஞ்ச துணியால தொடச்சு, ஃபேன் காத்துல வெச்சுட்டு பேக் பண்ணு. பேஜார் ஆவாத."

ஃபங்கஸ் என்றால் பூஞ்சணம். எங்கள் கம்பெனியில் மழைக்காலத்தில் எத்தனையோ தடவை துடைத்திருக்கிறோம். பிரேமா கைகூப்புகிற படம் அனுப்பினாள். நான் கீரைக்குப் போய்விட்டேன்.

2. பாலாத்துப் பாலம்

மத்தியானம் இம்ரான் என்று ஒருத்தர் பதில் போட்டிருந்தார். ராணிப்பேட்டையில், தோல் பதனிடுகிற டேனரியில் டெக்னீஷியன். வயது இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். இங்கிலீஷில் நீளமாக எழுதியிருந்தார். என் மகள் கலை மத்தியான ஷிப்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில், ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் போனுமாக நின்று தமிழில் படித்துச் சொன்னாள்.

"போட்டோவ வெச்சு ஃபங்கஸ்னு முடிவு பண்ணக் கூடாது. டெஸ்ட் பண்ணாம சொல்றது தப்பு. விரல் வெச்சுப் பாத்தாங்களா? குளிர் ஆரம்பிச்சிருக்கு, கொழுப்பா இருக்கலாம். தெரியற வரைக்கும் பேக் பண்ண வேணாம்."

இவ்வளவில் என் காதில் விழுந்தது 'தப்பு' மட்டும். அதுவும் கலையின் அவசரக் குரலில் விழுந்தது. வெடுக்கென்று சொன்ன மாதிரி இருந்தது. இருநூறு பேர் பார்க்கிற இடத்தில் என்னைத் தப்பு என்று சொல்ல இவன் யார்? கலை தெருமுனை தாண்டுவதற்குள் பேசி அனுப்பிவிட்டேன்.

"தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் ரிஜெக்ட் பண்ண தோலை அடுக்குனா பாலாத்துப் பாலம் ஒசரத்துக்கு வரும். தெரிஞ்சவங்க பேசற எடத்துல கொஞ்சம் பொறுமையா கத்துக்கோ."

கைதட்டுகிற படமும் சிரிக்கிற படமும் வரிசையாக வந்தன. ஒருத்தர், "ஆயா கிட்ட வெச்சுக்காதீங்க பாய்" என்று போட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு இரண்டு வாய் சோறு அதிகமாகவே சாப்பிட்டேன்.

அந்தக் கைதட்டலை பிரேமாவும் பார்த்திருக்கிறாள். இத்தனை பேர் ஒத்துக்கொள்கிறார்களே என்று சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் துடைத்து, ஃபேன் காற்றில் வைத்து, பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டிவிட்டாள்.

3. மறுநாள் காலை

எட்டரை மணிக்கு பிரேமா எனக்குத் தனியாகப் போன் பண்ணினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அம்மா, சும்மா ஒரு பெட்டி தொறந்து பாத்தேன். மறுபடி பூத்துக்கிச்சு."

"எத்தினி ஜோடி?"

"எடுத்தது எல்லாத்துலயும். நாளைக்கு ஆள் வர்றாங்கம்மா. இப்ப நான் இன்னா பண்றது?"

பத்து நிமிஷம் பொறு என்று வைத்துவிட்டேன். கலையைக் கூப்பிட்டு இம்ரான் எழுதியதை மறுபடி படிக்கச் சொன்னேன். இந்தத் தடவை உட்கார்ந்து, மெதுவாக, அவர் எதிரில் இருந்து பேசினால் எப்படிப் பேசுவாரோ அப்படிப் படி என்றேன். படித்தாள். அதே வார்த்தைகள்தான். ஒரு இடத்திலும் என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. எல்லாம் அந்த அப்பரைப் பற்றித்தான் இருந்தது.

'விரல் வெச்சுப் பாத்தாங்களா' என்ற இடத்தில் கலையை நிறுத்தச் சொன்னேன். வருஷக் கணக்காக செக்கிங் பொண்ணுங்களை நான் கேட்ட கேள்வி அது. "கண்ணால பாத்தியா, கை வெச்சுப் பாத்தியா?" டேபிளில் ஒரு தோலையும் பெருவிரலால் அழுத்தாமல் நான் பேர் சொன்னதில்லை. தோலுக்குள் இருக்கிற கொழுப்பு குளிரில் வெளியே வந்து வெள்ளையாக உறைந்திருந்தால், விரல் சூட்டுக்கு உருகிக் காணாமல் போகும், விரலில் பிசுக்கு ஒட்டும், ஆறினால் திரும்ப வரும். பூஞ்சணம் சூட்டுக்கு உருகாது. இது எனக்குத் தெரியாததா? டேபிளில் கை தானாகச் செய்தது. போனில் கைக்கு வேலை இல்லை, வாய் நேராகத் தீர்ப்புக்குப் போய்விட்டது.

பிரேமாவுக்குத் தனியாகச் சொல்லி முடித்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் தப்பாகச் சொன்னது எல்லார் முன்னாலும்தானே. அதைக் கேட்டு இன்னும் எத்தனை பேர் துடைத்துப் பெட்டியில் போட்டார்களோ. மைக்கை அழுத்தி, எடுத்து, மறுபடி அழுத்தி, நாலாவது தடவைதான் அனுப்பினேன்.

"நான் சரோஜா பேசறேன். நேத்து பிரேமாவுக்கு ஃபங்கஸ்னு சொன்னது நான் டெஸ்ட் பண்ணாம சொன்னது. அப்படிப் பேக் பண்ணி மறுபடி வந்துடுச்சு. இம்ரான் தம்பி சொன்னதுதான் சரியான வழி. தம்பி, அந்தப் பொண்ணு இப்ப மொதல்ல இன்னா செய்யணும், ஒண்ணொண்ணா சொல்லு."

கைதட்டு ஒன்றுகூட வரவில்லை. பத்து நிமிஷம் கழித்து இம்ரான் பேசி அனுப்பினார். அவர் குரலை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். சாதுவான குரல். "அம்மா, எனக்கும் போட்டோல தெரியல. அதான் கேட்டேன்." அவ்வளவுதான். பாலாத்துப் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிறகு மூன்று வேலை சொன்னார். வெள்ளை இருக்கிற இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒரு போட்டோ. விரலை வைத்து முப்பது எண்ணி எடுத்ததும் ஒரு போட்டோ. அரை மணி கழித்து அதே இடத்தில் ஒரு போட்டோ. பிரேமா செய்தாள். இருந்தது, உருகியது, திரும்ப வந்தது. எல்லாருக்கும் தெரிந்துபோனது. கொழுப்புதான்.

அந்த மூன்று போட்டோவையும் எடுத்துக்கொண்டு பிரேமா தானே மேனேஜரிடம் போனாள். அவர் ஜாஸ்தியாகவே கத்தினாராம். ஆனால் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவரிடம், அவர் பெட்டி திறப்பதற்கு முன்னால் இவர்களே சொல்லிவிட்டார்கள். கொழுப்பு கக்கின தோலில் தைத்த அப்பரைத் தனியாக ஒதுக்கி, தோல் கொடுத்த டேனரிக்காரர்களை வரவழைத்தார்கள். வேறு தோலில் தைத்த மீதி பாஸ் ஆனது. பிரேமா மிஷினுக்குப் போகவில்லை. இன்றைக்கும் செக்கிங்கில்தான் இருக்கிறாள்.

4. ஒட்ட வேண்டிய இடம்

அம்பு ஸ்டிக்கர் என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. செக்கிங்கில் தப்பு இருக்கிற இடத்தைக் காட்டச் சிவப்பு அம்பு ஒட்டுவோம். நான் செக்கிங்குக்குப் போன புதிதில், ஒரே தையல் தப்பை மூன்றாவது தடவையாக அனுப்பின ஒரு பொண்ணின் புறங்கையில் கோபத்தில் அந்த ஸ்டிக்கரை ஒட்டிவிட்டேன். லைனே சிரித்தது. அந்தப் பொண்ணு குனிந்துகொண்டாள். அப்போதைய சூப்பர்வைசரம்மா வந்து, அவள் கையில் இருந்து அதை மெதுவாக உரித்து, அப்பரில் தையல் விட்டுப்போன இடத்தில் ஒட்டினார். "தப்பு இங்க இருக்குது சரோஜா" என்றார். திட்டவில்லை.

அன்றைக்கு நான் கற்றது ஒட்டுகிறவள் பாடம். ஒட்டிக்கொள்கிறவளுக்கும் ஒரு பாடம் இருக்கிறது என்று இம்ரானிடம்தான் தெரிந்துகொண்டேன். அவர் அம்பை அப்பரில்தான் ஒட்டினார். அதை உரித்து என் நெற்றியில் ஒட்டிக்கொண்டவள் நான்.

இப்போது செக்கிங்குக்கு வருகிற பொண்ணுங்களுக்கு டேபிள் பாதி, போன் பாதி. உங்களுக்கும் யாராவது தப்பு என்று எழுதுவார்கள். எழுத்துக்குக் குரல் கிடையாது, நாம்தான் அதற்கு ஒரு குரல் போட்டுப் படிக்கிறோம். நல்ல குரல் போட்டு இன்னொரு தடவை படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். பதில் சொல்லும்போது தீர்ப்பை மட்டும் சொல்லாதீர்கள், கை என்ன செய்து கண்டுபிடித்தது என்பதையும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் கேளுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். குரூப்பில் யாராவது போட்டோ போட்டால், "விரல் வெச்சுப் பாத்தியாம்மா?" என்றுதான் ஆரம்பிக்கிறேன்.

பாலாத்துப் பாலம் உயரத்துக்கு வரும் என்று சொன்னதை மட்டும் இன்னும் வாபஸ் வாங்கவில்லை. அது உண்மை.