குணரத்தினத்தின் ஜன்னல் இருக்கை

பேருந்தில் ஏறினால் குணரத்தினம் ஜன்னலோரம் உட்கார மாட்டார். இருவர் அமரும் இருக்கையில் நடைவழிப் பக்கமாக உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் தன் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொள்வார். யாராவது இடம் கேட்டால் பையை எடுத்து மடியில் வைத்து, முழங்காலை ஒதுக்கி, அவர்களை உள்ளே அனுப்புவார். தான் மட்டும் நகர மாட்டார். "வெளியில பார்த்தா எனக்குத் தலை சுத்தும், ரவி" என்பார். நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தின் நியூ லின் பகுதியில் நாங்கள் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். நகரம் வரைக்கும் தினமும் ஒரே பேருந்து. ஐந்து வருடமாக அந்தத் தலைசுற்றலை நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பென்ரோஸில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. சட்டைப் பையில் மூன்று பேனா. மூன்றில் ஒன்று எழுதினால் அதிசயம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஒன்றைக் கண்டுபிடித்து, கொழும்பில் ஒரு வாடகை அறையில் விசாவுக்குக் காத்திருந்த மனைவி யோகராணிக்குக் கடிதம் எழுதுவார். பெரும்பாலும் ஆக்லாந்து வர்ணனைதான். எனக்கும் வாசித்துக் காட்டுவார். சுற்றுலா அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும் வண்ணத் தாள்களை எதற்கு அடுக்கடுக்காய்ச் சேர்க்கிறார் என்று நான் கேட்டதில்லை. மனுஷனுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கத்தானே வேண்டும்?

தொண்ணூற்றாறு ஜனவரியில் யோகராணி வந்து சேர்ந்தார். முதல் சனிக்கிழமை ஊர் சுற்றிக்காட்டுவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்ததும் குணரத்தினம் என் கதவைத் தட்டினார்.

"நாளைக்கு நீங்களும் வாங்கோ, ரவி."

"நீங்க ரெண்டு பேரும் ஊர் சுத்துறதுக்கு நான் எதுக்குங்க?"

"நீங்கள்தான் வழி தெரிஞ்ச ஆள். நான் ஒரு இடமும் பார்க்கேல்லை. ஊரைப் பற்றி எழுதினது முழுக்க அந்தத் தாளுகளைப் பார்த்துத்தான். லீவு நாளிலையும் தனியப் போய்ப் பார்க்க மனம் வரேல்லை. அவ வரட்டும் எண்டு விட்டிட்டன்." சட்டைப் பையிலிருந்த பேனாக்களை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இப்ப அவ கண்டுபிடிச்சா, மிச்சம் எழுதினதும் பொய்யெண்டுதானே நினைப்பா."

மிச்சம் என்றால் எது என்று நான் கேட்கவில்லை. அது எனக்கு வாசித்துக் காட்டாத பகுதி. சிரிக்க வந்தவன் பாவமாகிப்போய், வருகிறேன் என்றேன்.

யோகராணிக்குக் கடிதங்கள் மனப்பாடம். டெவன்போர்ட்டுக்குப் போகும் படகு கரை சேர்ந்ததும் ஆரம்பித்தார். "அரை மணித்தியாலம் கடல்ல போகவேணும் எண்டெல்லோ எழுதினீங்கள்? பத்து நிமிசத்தில வந்திட்டமே."

"இப்ப புது எஞ்சின் போட்டிருக்கிறாங்கள்" என்றார் குணரத்தினம், என்னைப் பார்த்தபடி.

"ஆமாக்கா, போன மாசம்தான்" என்றேன். பொய் சொல்ல எனக்கும் நன்றாகத்தான் வருகிறது.

மவுண்ட் ஈடன் உச்சியில்தான் வசமாக மாட்டிக்கொண்டோம். அங்கே எரிமலை வாய் ஒரு பெரிய பள்ளமாகக் கிடக்கும். அதன் ஓரத்தில் நின்று யோகராணி வெகுநேரம் கீழே பார்த்தார். "பச்சைத் தண்ணி நிரம்பின குளம், அதில ஆக்கள் வள்ளம் விடுகினம் எண்டு எழுதினீங்கள்."

பள்ளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, நல்ல பசும்புல். உள்ளங்கை அகல அச்சுப் படத்தில் அந்தப் பச்சை குளமாகத் தெரிந்திருக்கிறது. வள்ளங்களும் இருந்தன. அவற்றில் ஒன்று எழுந்து, உடம்பைச் சிலிர்த்து, வாலால் ஈ ஓட்டிவிட்டு மேயப் போயிற்று.

"வெயிலுக்குத் தண்ணி வத்தியிருக்கும்" என்றார் குணரத்தினம். இந்த முறை என்னாலும் கைகொடுக்க முடியவில்லை.

யோகராணி கோபிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இடம் பார்த்தது போதும். நீங்கள் வேலை செய்யிற இடத்தைக் காட்டுங்கோ" என்றார்.

பென்ரோஸ் போய்ச் சேர மாலை ஆறு மணி. கிடங்கு பூட்டியிருந்தது. பின்பக்க மைதானத்தில் ஒரே கூச்சல். "அங்கால ஒண்டுமில்லை, வாரும்" என்று குணரத்தினம் அவசரப்பட்டார். அதற்குள் ஆஜானுபாகுவான சமோவாக்காரர் ஒருவர் "கூனா!" என்று கத்தியபடி ஓடி வந்து, குணரத்தினத்தின் கையில் ஒரு தோல் கையுறையைத் திணித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். கிடங்கு ஆட்களின் சாஃப்ட்போல் ஆட்டம். பேஸ்போலுக்குத் தம்பி முறை.

"எங்கட எல்லே மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் யோகராணி. எல்லே இலங்கையின் மட்டைப் பந்தாட்டம்; பள்ளிக்கூடத்தில் அவரும் ஆடியவராம். ஓரமாகப் புல்லில் உட்கார்ந்தோம்.

மைதானத்தின் கடைசி மூலையில் குணரத்தினம் நின்றார். பந்து வானத்துக்குப் போயிற்று. தலைசுற்றல்காரர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் ஓடி, விழுந்து, விழுந்த இடத்திலிருந்து கையை உயர்த்தினார். பந்து கையுறைக்குள் இருந்தது. யோகராணி எழுந்து நின்றுவிட்டார். நானும்தான்.

முழங்காலில் மண்ணோடு வந்தவரிடம் யோகராணி கேட்டார்: "எத்தினை வருசமா?"

"நாலு."

"இதை ஏன் எழுதேல்லை?"

"நீர் அங்க ஆமி செக்பொயின்ற்ல வரிசையில நிக்கேக்க, நான் இஞ்சை பந்து விளையாடுறன் எண்டு என்னெண்டு எழுதுறது?" கையுறையைக் கழற்றினார். "அந்த இடங்களொண்டும் நான் பார்க்கேல்லை. உம்மோட பார்க்கலாம் எண்டு இருந்தன்."

"வள்ளம் புல்லுத் தின்னேக்கையே தெரியும்" என்றார் யோகராணி. "குளம் இல்லாட்டிப் போகட்டும். நீங்கள் சிரிச்சுக்கொண்டு இருந்தனீங்கள் எண்டு தெரிஞ்சிருந்தா, நானும் அங்க கொஞ்சம் நிம்மதியா நித்திரை கொண்டிருப்பன்." சேலைத் தலைப்பால் அவர் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டார். நான் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிப் பேருந்தில் திரும்பினோம். ஜனவரிதான் அந்த ஊரில் கோடைகாலம், வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். குணரத்தினம் வழக்கம்போல ஜன்னல் இருக்கையை விட்டு ஒதுங்கி நின்று, "நீர் உள்ளுக்குப் போம்" என்றார். யோகராணி நடைவழிப் பக்கம் உட்கார்ந்துகொண்டார். குணரத்தினத்தின் கையிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்தார்.

"எனக்குத் தலை..." என்று தொடங்கினார் குணரத்தினம்.

அவர் உள்ளே போய் ஜன்னலோரம் உட்காரும்வரை யோகராணி முழங்காலை ஒதுக்கியபடியே இருந்தார்.