முதல் நன்மைக் காலுறை

நான் முதல் நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, வாங்கவிருந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மாதா கோயிலுக்குப் போகிற வழியிலேயே விழுந்தேன். லண்டன் மோர்டன் நடைபாதையில் ஒரு குறையும் இல்லை. புதுச் சப்பாத்தோடு ஓடிக் காட்டப் போனதுதான் பிழை. முழங்காலில் இரத்தம், நீளமான வெள்ளைக் காலுறை கிழிந்து தொங்கியது. பூசைக்கு இன்னும் இருபது நிமிடம். அம்மாவுக்குக் கோபம் முந்தியதா, அழுகை முந்தியதா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது.

"இந்த நேரத்தில எங்க போய் வாங்கிறது?"

"எங்கட கடையில இருக்கு மச்சாள். திறப்பு என்னட்டத்தான்," என்றார் கூட வந்த மாமி.

மாமி ஜப்பானில் 'கொன்பினி' என்கிற கடையொன்றில் ஆறு வருடம் வேலை செய்தவர். மாமாவைக் கட்டி லண்டனுக்கு வந்து நாலு மாதம்தான். அங்கே ஒரே கடையில் சுடச்சுடச் சோறு வாங்கலாம், கரண்ட் பில் கட்டலாம், பார்சல் அனுப்பலாம், மழை வந்தால் குடை, சட்டையில் கறி கொட்டினால் புதுச் சட்டை என்று அவர் சொன்னால் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். மாமாவின் கடையில் ஒரு தட்டை ஒதுக்கி அவர் காலுறை, ஊசி நூல், வெள்ளைச் சட்டை என்று அடுக்கியபோது, "இது கடையோ, வீட்டு அலுமாரியோ?" என்று கேட்டதே அம்மாதான்.

மாமி கடையைத் திறந்து, கவிழ்த்த பால் பெட்டியொன்றில் என்னை இருத்தி, முன்னால் முழந்தாளிட்டுக் காயத்தைத் துடைத்தார். பிளாஸ்ரர் ஒட்டி, புதுக் காலுறையைக் கால்விரலிலிருந்து மெல்ல மெல்ல ஏற்றினார். அம்மா வாசலிலேயே நின்று அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜப்பானிலயும் பிள்ளையள் விழுந்திட்டு வருவினமோ மாமி?"

"பெரிய ஆக்கள்தான் கூட. அவசரத்துக்கு வாங்கிக்கொண்டு ஓடுவினம்."

"நீங்களும் வாங்கினீங்களோ?"

"ஓம், ஒருக்கா. கறுப்பு."

"வெள்ளைதான் மாமி வடிவு."

மாமியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு சிரித்து, "ஓம் குஞ்சு, வெள்ளைதான் வடிவு," என்று மற்றக் காலைத் தூக்கினார்.

நேரத்துக்குப் போய்விட்டோம். முன்வரிசையில் அம்மா தள்ளியிருந்து மாமிக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டார்.

பல வருடங்களுக்குப் பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மன்னாரில் தன் தாயை அடக்கம் செய்த அன்று, போக வழியில்லாத மாமி, வேலை செய்த கடையிலேயே கறுப்புக் காலுறை வாங்கிப் போட்டுக்கொண்டு, தன் அறையில் தனியே நின்று பூசை முழுவதையும் தொலைபேசியில் கேட்டாராம். முதல் நன்மை அன்று எனக்கோ, ஜப்பானிலிருந்து வந்த மாமிக்கே எது வடிவென்று சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தது.