எலி கொறித்த கிராப்பு

அப்பாவுக்குச் சலூன் தொழில். ஒரே நாற்காலி, எதிரெதிரே இரண்டு கண்ணாடி, ஓயாத வாய். கத்தரி ஓடும் வரை புளுகும் ஓடும். "நேத்து ஒரு யானைக்கு சவரம் பண்ணேன். மீசையில மட்டும் கை வைக்காதேன்னுடுச்சு."

நாற்காலிக் கைகளின் மேல் பலகை போட்டு, என்னை அதில் உட்கார வைத்துக் கிராப்பு வெட்டுவார். பெண் பிள்ளைக்கு இது தேவையா என்று அம்மா கேட்டால், "நம்ம கடை விளம்பரம் நடமாடுது, விடு" என்பார். பிடரியில் பவுடர் போட்ட பிறகுதான் இறக்கிவிடுவார்.

பல வருஷம் கழித்து, வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வந்த அப்பாவுக்குச் சாப்பாடு தங்கவில்லை. வாரக்கணக்கில் டீயும் ரொட்டியும், அதிலும் பாதி வாந்தி. நடை தள்ளாடியது. பலவீனம் என்று நினைத்தோம்.

ஒரு நாள், "காலையிலேர்ந்து ரயில் ஓட்டினேன், அசதியா இருக்கு" என்றார்.

"டிக்கெட் எடுத்தீங்களா?" என்றாள் அம்மா.

"ஓட்டுறவன்கிட்ட எவன் டிக்கெட் கேப்பான்?"

வீடே சிரித்தது. வேறு வீடாக இருந்தால் அன்றே டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். எங்களுக்கோ, அப்பா பழையபடி தேறிவிட்டார் என்று நிம்மதி.

கண்மணிகள் தாமாக ஆடத் தொடங்கிய பிறகே மருத்துவமனைக்குப் போனோம். பி1 வைட்டமின் குறைபாடு. ஊசி போட்டதும் கண்ணின் ஆட்டம் நின்றது. நடையும் மெல்லத் திரும்பியது. ஆனால் புதிதாக நடப்பது எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் மூளைத் திசுவை மெல்லிதாகச் சீவிச் சாயம் ஏற்றுவது என் வேலை. பி1 இல்லாமல் செல்லால் சர்க்கரையைச் சரியாக எரிக்க முடியாது. மூளையின் ஆழத்தில் சில பகுதிகள் முதலில் தவிக்கும். அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் விழிக்கும். செல்லைச் சாகச் சொல்லும் மரபணுக்களும் விழிக்கும். அவை விழிப்பதற்கும் செல் சாவதற்கும் நடுவே கொஞ்சம் அவகாசம் உண்டு. அதற்குள் வைட்டமின் கிடைத்தால் பல செல்கள் பிழைக்கும். அந்த அவகாசத்தில் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

வீடு திரும்பிய அப்பா ஜன்னலோரம் சும்மா இருந்தார். புளுகும் நின்றுவிட்டது. அவருக்குள் என் அப்பா எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை. ஒரு நாள் கத்தரியைக் கையில் கொடுத்து, முன்னால் உட்கார்ந்தேன். விரல்கள் தலையைச் சாய்த்தன.

"ஏம்மா, எவன் உன் தலையில கை வச்சது? எலி கொறிச்ச மாதிரி இருக்கு."

"எவனோ ஒருத்தன்பா."

"இனிமே அவன்கிட்ட போகாதே. நேரா இங்க வா."

ஒரு மயிரிழை பிசகாமல் வெட்டினார். பவுடரும் போட்டார்.

அடுத்த மாதமும் அதே கேள்வி, அதே திட்டு. இந்த முறை அந்த எலி அவரேதான். சமையலறையில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதன் பிறகு மாதாமாதம் போய்த் திட்டு வாங்கினேன்.

நுரையீரலில் சளி கட்டி, போன மழையில் போய்விட்டார்.

முடி காதை மூடிவிட்டது. தெருமுனையில் சலூன் இருக்கிறது. நல்ல கை என்கிறார்கள். எனக்கு அந்த எலியிடம்தான் போக வேண்டும், போகாதே என்று அப்பா சொன்ன அவனிடம்.