இடது வளைவு

என் தங்கை தெய்வானை இறந்துபோன பிறகு, அவள் புருஷன் ஐயாசாமிக்கு எதைக் கேட்டாலும் "சரி" என்று சொல்லும் வியாதி வந்துவிட்டது. சாப்பிடுகிறீர்களா என்றால் சரி. போதுமா என்றாலும் சரி. இப்படி ஒரு மனிதரைச் சேர்த்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் மொரீசியஸ் தீவைச் சுற்றிவரத் திட்டம் போடுவது எவ்வளவு பெரிய தலைவலி என்று எனக்குத்தான் தெரியும்.

முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர், தெற்குக் கரையில் உள்ள சுயாக் பட்டணத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் சாலையில் இருக்கிறது. ஐயாசாமியின் அப்பா ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்தவர். சர்க்கரைத் தோட்டத்துக்காரர்கள் கல் நிறைந்த ஓரத்து நிலங்களைத் துண்டு போட்டு விற்றபோது ஒரு துண்டை வாங்கினார். அந்தக் கல்லைப் பொறுக்கிக் குவித்தே அவர் ஆயுள் முடிந்தது. மகன் அதில் கரும்பு நட்டார். கரும்பு ஆலைக்குப் போகும். ஓரத்தில் போட்ட கத்தரியும் சூசூ என்கிற கொடிக்காயும் அவருக்கும் தெய்வானைக்கும் சொந்தம். அதிகம் பேசமாட்டார், யாரோடும் சண்டைக்குப் போகமாட்டார். கோயில் கணக்கில் தலையிடமாட்டார். ஊரே வாயைப் பிளக்கும்படி அவர் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். பிரான்சுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார மேற்பார்வையாளரிடமிருந்து, சைட்கார் வைத்த பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

சைட்கார் என்பது வண்டியின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு ஒற்றைச் சக்கரத்தில் ஓடும் தொட்டி. ஒரு ஆள் உட்காரலாம். சர்க்கரை விலை சரிந்துகொண்டிருந்த நேரத்தில் இந்த மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊர் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் கணக்கு வேறு. காய்கறிக்கு சுயாக்கில் கிடைப்பதைவிட மேட்டிலிருக்கும் காத்ர் போர்ன் ஊர்ச் சந்தையில் நல்ல விலை. சந்தை நாளில் விடியும்போதே கூடைகளைத் தொட்டியில் அடுக்கி, நடுவில் தெய்வானையை உட்கார வைத்துக்கொண்டு மலைச்சாலையில் ஏறிவிடுவார். சிரித்த எனக்கே கொஞ்ச காலத்தில் பொறாமை வந்து, நானும் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். சைட்கார் இல்லாதது.

தெய்வானைக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அப்படித்தான் நாங்கள் நினைத்தோம். இடது பக்கம் சாலை வளையும்போதெல்லாம் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்புக்கு மேலே பாதி உடம்பைத் தொட்டிக்கு வெளியே சாய்ப்பாள். கை தரையைத் தொட்டுவிடும் போல இருக்கும்.

"உள்ள உக்காருடி! விழுந்து தொலைக்கப் போற!" என்று ஐயாசாமி கத்துவார். பேசாத மனுஷன் கத்தியது அந்த ஒரு இடத்தில்தான். சாலையோரத்துக் கரும்புக்காட்டில் வேலை செய்கிறவர்கள், அந்தச் சத்தத்தை வைத்தே யார் வண்டி என்று சொல்லிவிடுவார்கள். அவள் சிரிப்பாள். அடுத்த வளைவில் மறுபடியும் சாய்வாள்.

நானும் ஒரு தடவை திட்டினேன். "ஏன் தெய்வானை, குரங்குச் சேட்டை பண்ற?"

"எனக்கே தெரியல அண்ணே. உடம்பு தானா அப்படிப் போவுது," என்றாள்.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. உட்கார முடியவில்லை. அதனால் சைட்கார் உதவவில்லை. ஐயாசாமி இரண்டு கையிலும் அவளை ஏந்திக்கொண்டு சாலைவரை நடந்து லாரியில் ஏற்றினார். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பி வரவில்லை.

அவர் அழவில்லை. கொள்ளி வை என்றார்கள், வைத்தார். முழுகு என்றார்கள், முழுகினார். மோட்டார் சைக்கிளைக் கொட்டகையில் விட்டுச் சாக்கைப் போட்டு மூடினார். கத்தரிக்காய் செடியிலேயே பழுத்து விழுந்தது. எனக்கும் அழுகை வரவில்லை. அவள் என் கூடப் பிறந்தவள், ஆனாலும் வரவில்லை. வந்ததெல்லாம் எரிச்சல்தான். என் மளிகைக் கடையில் உப்பு வாங்க வந்தவர்கள் மேல் எல்லாம் எரிந்து விழுந்தேன்.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் கோயில் கிடையாது, காவடி கிடையாது, விருந்து கிடையாது. மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றக்கூடாது என்று மட்டும் எந்தப் பெரியவரும் சொல்லி வைக்கவில்லை. அவர்கள் காலத்தில் மோட்டார் சைக்கிள் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் நான் அவரை இந்தப் பயணத்தில் இழுத்துவிட்டேன். கொட்டகையிலிருந்து வண்டி வெளியே வந்தால் மனுஷனும் வெளியே வருவார் என்று ஒரு நம்பிக்கை.

நாங்கள் நான்கு பேர். ஆலையில் இயந்திரம் பழுது பார்க்கும் க்ளோட், ரயில் நிலையத்தில் எழுத்தராக இருந்த ஆல்பெர், நான், ஐயாசாமி. ஞாயிற்றுக்கிழமைகளில் சுயாக்கில் ஆல்பெர் வீட்டு வராந்தாவில் கூடுவோம். பேச்செல்லாம் தீவின் பொதுமொழியான கிரியோலில்தான். எனக்கும் ஐயாசாமிக்கும் இடையில் மட்டும் தமிழ். புயல் மாதங்கள் முடிந்து, கரும்பு வெட்டுத் தொடங்குவதற்கு முன்னால் கிளம்புவது என்பதில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். மற்ற எதிலும் இல்லை. ஆல்பெருக்கு போர்ட் லூயியில் இரவு தங்கி சினிமா பார்க்க வேண்டும். க்ளோட்டுக்கு வடக்கே கடலோரத்தில் படுக்க வேண்டும். எனக்கு வேளாவேளைக்குச் சோறு வேண்டும்.

"நீங்க என்ன சொல்றீங்க மாப்பிள்ளை?"

"சரி."

ஆல்பெர் வம்புக்காரன். "நாலு வண்டியையும் கடல்ல தள்ளிட்டு நடந்து வரலாமா கூட்டாளி?" என்று கேட்டான்.

"சரி," என்றார் ஐயாசாமி. எல்லோரும் சிரித்தோம். அவர் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்றுகூட அவர் கேட்கவில்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

அன்றைக்குத்தான் பெட்ரோல் பேச்சு வந்தது. தென்மேற்குக் கரையில் நெடுந்தூரத்துக்குப் பெட்ரோல் கிடைக்காது. டின்னில் கொண்டுபோக வேண்டும். "அதுக்குத்தான் சைட்கார் இருக்கே. டின், சட்டி பானை எல்லாத்தையும் அதுல ஏத்திருவோம்," என்றான் க்ளோட்.

"வேணாம்," என்றார் ஐயாசாமி.

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் மறுப்பு.

"காலியாக் கொண்டுபோனா இடது வளைவுல சக்கரம் தூக்கும். வண்டி குடை சாஞ்சிரும். அப்ப சைட்காரைக் கழட்டிரு, நான் கழட்டித் தரேன்," என்றான் க்ளோட்.

"கழட்ட வேணாம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏத்தவும் வேணாம், கழட்டவும் வேணாம்னா எப்படி மாப்பிள்ளை? அப்ப நீங்க வர வேணாம், கொட்டகையிலயே கிடங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். இனி இந்த மனுஷன் வெளியே வரவே மாட்டார் என்று எனக்குப் பயம் பிடித்தது. பயணம் எனக்குப் பெரிதில்லை. தங்கையை விட்டாயிற்று, இவரையும் விட்டுவிடப் போகிறோம் என்பதுதான் பயம்.

அடுத்த ஞாயிறு க்ளோட்டைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வண்டி வாசலில் நின்றது. தொட்டியில், தெய்வானை வழக்கமாக உட்காரும் மெத்தை மேல், மணல் நிரப்பிய சாக்கு ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கயிற்றால் கட்டியிருந்தார். பக்கத்தில் கொட்டிய மணலும் மண்வெட்டியும் கிடந்தன.

"எவ்வளவு மணல் போட்டே?" என்று க்ளோட் கேட்டான்.

"தூக்கித் தூக்கிப் பாத்தேன். கூட இருந்தா கொட்டினேன். கொறஞ்சா போட்டேன்," என்று கிரியோலில் அவனுக்குச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "அன்னிக்கு லாரி வரைக்கும் தூக்கினேன்ல மச்சான். அந்தக் கனம்."

வெயில் அடிக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார். நான் திரும்பிக்கொண்டு சக்கரத்தைப் பார்ப்பது போல் நின்றேன்.

சோதனைக்காக மலைச்சாலையில் ஏறினோம். அவர் முன்னால், நாங்கள் இருவரும் எங்கள் வண்டிகளில் பின்னால். நேர்ச்சாலையில் ஒழுங்காகப் போனார். வலது வளைவு ஒன்றையும் நன்றாகவே எடுத்தார். பிறகு முதல் இடது வளைவு. அவர் பழைய வேகத்தில்தான் திரும்பினார். சைட்கார் சக்கரம் தரையை விட்டு எழுந்தது. சாக்கு அசையாமல் நிமிர்ந்தே இருந்தது. வண்டி சாலையின் குறுக்கே ஓடி எதிர்ப்பக்கத்துக் கரும்புக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

நாங்கள் ஓடினோம். அவருக்கு அடி ஒன்றும் இல்லை. கைப்பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அதே கனந்தான். அதே வேகந்தான்," என்றார். "ஏன் தூக்குது?"

"கனம் இருந்து என்ன? சாக்கு சாயாதே," என்றான் க்ளோட். "இடது வளைவுல உள்ள உக்காந்திருக்கிறவங்க வெளிய சாயணும். அப்பத்தான் சக்கரம் தரையில நிக்கும். பந்தயக்காரன் எல்லாம் அப்படித்தான் ஓட்டுறான். உன் வீட்டு மதாம் நல்லாச் சாய்வாங்களே, நான் பாத்திருக்கேன். நீதான் சொல்லிக் குடுத்தேன்னு நெனச்சேன்."

ஐயாசாமி வண்டியை விட்டு இறங்கவில்லை. சாக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மச்சான்," என்றார். "நான் திட்டினேனே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தம் வரவில்லை. நானும் அழுதேன், எனக்குச் சத்தம் வந்தது. இவ்வளவு காலமும் அந்த மலையில் வண்டியைக் கவிழாமல் ஓட்டியது தாம் என்று அவர் நினைத்திருந்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். க்ளோட் தூரப் போய்ச் சிகரெட் பற்றவைத்துக்கொண்டான். ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை.

கயிற்றை நான்தான் அவிழ்த்தேன். மணலைச் சாலையோரத்தில் கொட்டினேன். "நான் உக்காரறேன் மாப்பிள்ளை. என் வண்டி வீட்டுல நிக்கட்டும்," என்றேன். அவர் சரி என்று சொல்லவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க கனம் ஜாஸ்தி மச்சான்," என்றார்.

குறித்த நாளில் மூன்று மோட்டார் சைக்கிள்கள் கிளம்பின. பெட்ரோல் டின்களைத் தங்கள் வண்டியில் கட்ட வேண்டியிருந்ததால் ஆல்பெரும் க்ளோட்டும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். நான் தெய்வானையின் மெத்தையில், முழங்காலை மடக்கிக்கொண்டு, சோற்றுச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐயாசாமியின் முகம் பழையபடி உறைந்துதான் கிடந்தது.

சுயாக்கைத் தாண்டி, கடலை இடது பக்கம் விட்டுப் போகும் சாலையில், முதல் இடது வளைவு வந்தது. நான் சட்டியைக் கால்களுக்கு நடுவில் இறக்கிவிட்டு, பயந்துகொண்டே வெளியே சாய்ந்தேன். சாலை முகத்துக்கு நேராக ஓடியது. இத்தனை பக்கத்தில் சாலையைப் பார்த்துக்கொண்டு அவள் எப்படிச் சிரித்தாள் என்று எனக்குப் புரியவில்லை. பழக்கதோஷத்தில் ஐயாசாமியின் அந்தப் பழைய கத்தல் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

அவர் வேகத்தைக் குறைத்தார். குனிந்து என்னைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் சாய்ங்க மச்சான்," என்றார்.