கையெழுத்துக் கேட்காத பங்காளிகள்

பி.காம். முடித்து வந்த வருடம், ஒரு சிமெண்ட் கம்பெனி பங்குகள் வெளியிடுவதாகச் செய்தித்தாளில் விளம்பரம் பார்த்து, மந்தாரக்குப்பத்து வங்கியில் விண்ணப்பம் வாங்கி வந்தேன். எங்கள் வீட்டில் ஒரு விண்ணப்பத்தைத் தானே படித்து நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை. மறுநாள் கடைசித் தேதி. போட வேண்டிய பணம் அப்பாவின் போனஸ்.

அப்பா நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து, அதற்கு ஈடாக அங்கேயே வேலை வாங்கிப் பெர்மனன்ட் ஆனவர். ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆலை கட்டப் பெரும் பணம் வேண்டும், எல்லாவற்றையும் கடனாக வாங்கினால் வட்டி கட்டி மாளாது, அதனால் கம்பெனியையே சிறு சிறு பங்காக்கி ஊராருக்கு விற்கிறார்கள் என்று வகுப்பெடுப்பதுபோலச் சொன்னேன்.

"அப்போ வாங்கினவன்லாம் பங்காளியா?"

"ஆமாம்ப்பா."

அங்கேதான் தவறினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, பம்பாய்ல ஒரு பங்காளி செத்தா நம்ம வூட்டுக்கும் தீட்டா? அப்புறம் எந்த வருசம் பொங்கல் வெக்கிறது?"

அப்பா சிரிக்கவில்லை. "இருக்கிற பங்காளியே போதும். மிச்சம் கெடக்கிற அரைக் காணிய விக்க வுடாம, ஒங்க சித்தப்பன் கையெழுத்து போடாம எத்தினி வருசமா இழுத்துக்கினு கெடக்கிறான்."

லாபம், ஈவுத்தொகை என்றேன். அவர் காதில் ஏறவில்லை.

"இதை விக்க எந்தப் பங்காளி கையெழுத்தும் வேணாம்ப்பா. மெட்ராஸ்ல இதுக்குன்னே சந்தை இருக்குது. வாங்குறவன் யாருன்னுகூட நமக்குத் தெரியாது."

சோற்றில் கை நின்றது. "யாரையும் கேக்காமயா?"

"யாரையும்."

"வெல?"

"அன்னிக்கு என்னாவோ அது. ஏறியும் இருக்கும், எறங்கியும் இருக்கும்."

"எறங்கினா?"

"நஷ்டம்தான்."

"அது வெள்ளாமையிலயும் உண்டு" என்று எழுந்தார்.

பங்குச் சந்தையின் பயன்கள் என்று நான் மனப்பாடம் செய்திருந்த பட்டியலில், நினைத்தபோது விற்கலாம் என்பது கடைசி வரி. தேர்வில் இடமில்லாமல் அதை விட்டுவிட்டுக்கூட வந்திருக்கிறேன். அப்பாவுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

கை கழுவி வந்தவர், "எம்பேர்ல போடாத. நாளைக்கு நான் இல்லன்னா ஒங்க சித்தப்பன் அதுலயும் பங்கு கேட்டு வந்து நிப்பான். ஒம்பேர்ல போடு" என்றார்.

கட்டத்துக்கு ஓர் எழுத்தாக என் பெயரை நிரப்பினேன். அதுவரை விலை இறங்குவது எனக்கு ஒரு பாடம். இனி இறங்கினால் என் பெயரில் இறங்கும்.